அப்பா கூப்பிடுகிறார் என்கிறாள் அம்மா

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 34. தென்காசிப் பக்கம் ஒரு ஊரில் இருக்கிறோம். அப்பா பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஏழு மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். அம்மாவுக்கு 61 வயது. அவர்களுக்குக் கல்யாணமாகி 36 வருஷம்.

கடையை அடைத்துவிட்டு அப்பா ராத்திரி பத்து, பத்தேகாலுக்கு வீட்டுக்கு வருவார். முதலில் கேட் கொக்கியைத் தூக்கும் சத்தம், அடுத்து 'சரசு' என்று ஒரு குரல். இப்போதும் அது கேட்கிறது என்கிறாள் அம்மா. வாரத்துக்கு மூன்று, நான்கு நாள். 'இந்தா வாரேன்' என்று எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கிறாள். யாரும் இல்லை என்றதும் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறாள். அழுவதில்லை, பயப்படுவதில்லை. பகலில் சமையல், கோயில், சீரியல் எல்லாம் எப்போதும்போல்தான்.

பெங்களூரில் இருக்கும் தம்பி இது சைக்கோசிஸ், நிஜம் எது பிரமை எது என்று தெரியாமல் போகும் மனநோய் என்கிறான். ஒரு மாத்திரை பெயரையும் அவனே கண்டுபிடித்து வைத்திருக்கிறான். அப்பா படத்தை எடுத்துவிட்டு அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போனால் சரியாகிவிடும் என்கிறான். மூளையில் ஒரு மூலையைத் தூண்டினால் சாமியும் ஆவியும் வரும், விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று ஒரு ஹெல்மெட் வீடியோ வேறு அனுப்பினான். அத்தையோ, அண்ணன் ஆசை தீராமல் அலைகிறான், கோடாங்கியிடம் கூட்டிப்போய் மந்திரிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். என் ஆறு வயது மகள் காலையில் எழுந்ததும் 'ஆச்சி, தாத்தா நேத்து வந்தாங்களா?' என்று கேட்கிறாள்.

இது நோயா? எனக்கும் வருமா? இல்லை, நிஜமாகவே அப்பாதானா?

- பெயர் வேண்டாம்

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் அம்மாவுக்கு மனநோய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்காக டாக்டரிடம் காட்டாமலும் இருக்கக் கூடாது. இது என்ன பேச்சு என்று நினைக்காமல் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் டெவி ரீஸ் என்றொரு குடும்ப டாக்டர் இருந்தார். தன் வட்டாரத்தில் கணவனையோ மனைவியையோ பறிகொடுத்தவர்களைத் தேடிப் போய்ப் பேசினார். 293 பேர். அவர்கள் சொன்னதைத் தொகுத்து 1971இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அதில் கிட்டத்தட்டப் பாதிப்பேர், போனவர் இன்னும் தங்களோடு இருப்பதை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருப்பது போன்ற உணர்வு மட்டும் என்றால் நூற்றுக்கு 39 பேர். கண்ணால் பார்த்தவர்கள் 14 பேர். குரல் கேட்டவர்கள், உங்கள் அம்மா மாதிரி, 13 பேர்.

எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்தது வேறொன்று. இப்படி அனுபவம் உள்ளவர்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலானவர்களே அதை யாரிடமாவது சொல்லியிருந்தார்கள். டாக்டரிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த வட்டாரத்து டாக்டர்கள் யாரைக் கேட்டிருந்தாலும் 'எங்கள் ஊரில் அப்படி யாருமில்லையே' என்றுதான் பதில் வந்திருக்கும். உங்கள் அம்மா மகளிடம் வாய்விட்டுச் சொல்கிறார். அதுவே பெரிய விஷயம். இந்த வீட்டில் இதைச் சொன்னால் அடி விழாது என்று அவர் நம்புகிறார் என்று அர்த்தம். அந்த நம்பிக்கையைத் தம்பியும் அத்தையும் சேர்ந்து கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு இந்த அனுபவம் அதிகம் வந்தது என்றும் ரீஸ் பார்த்தார். நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், சந்தோஷமாகக் குடும்பம் நடத்தியவர்கள், பிள்ளை குட்டி பெற்றவர்கள். தனியாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்றில்லை. நாலு பேர் சூழ இருந்தவர்களுக்கும் அதே அளவுக்கு வந்தது. மனச்சோர்வு நோயோடும் அதற்குத் தொடர்பு தெரியவில்லை. பெரிய உத்தியோகத்தில் இருந்தவர்களிடம் இது கூடுதலாகவே இருந்தது என்பதால், படிக்காத சனங்களின் மூடநம்பிக்கை என்றும் தள்ள முடியாது. பெரும்பாலானவர்கள் இதை ஆறுதலாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1969இல், டோக்கியோவிலிருந்து ஒரு சின்ன ஆய்வு வந்தது. சாலை விபத்தில் கணவனை இழந்த 20 பெண்கள். அவர்களில் 18 பேருக்குக் கணவன் கூடவே இருக்கும் உணர்வு இருந்தது. ஜப்பானிய வீடுகளில் இறந்தவர்களுக்கென்று சிறிய பீடம் இருக்கும். அதில் படம் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, சோறு வைத்து, அன்றன்றைய சேதியைச் சொல்வார்கள். நம் வீட்டுப் படையல் மாதிரிதான், ஆனால் தினமும். தங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்ற கவலை அந்தப் பெண்களுக்கு இல்லை. இருபது பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அதை வைத்து ஜப்பான் முழுவதையும் அளக்க மாட்டேன். ஆனாலும் வேல்ஸில் வெளியே சொல்லக் கூச்சப்பட்ட அதே அனுபவம் டோக்கியோவில் சாதாரண வீட்டுப் பேச்சாக இருந்தது. குரல் மனிதருக்குள் வருகிறது. அதைக் கேட்டவர் பயப்படுவதா, ஒளிப்பதா, ஒரு செம்பு தண்ணீர் எடுத்து வைப்பதா என்பதை ஊர்தான் சொல்லிக்கொடுக்கிறது.

சரி, இல்லாத சத்தம் எப்படிக் கேட்கும்?

காதுக்கு வருவதை மட்டும் வைத்து மூளை கேட்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று அது முன்கூட்டியே ஊகித்துக்கொண்டே இருக்கிறது. ஊகம் மிகவும் பலமாக இருந்தால், வராததையும் வந்ததாகவே எடுத்துக்கொள்ளும். சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்த மாதிரி இருந்து, எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லாமல் இருப்பது எல்லாருக்கும் நடப்பதுதான். 2017இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். திரையில் கட்டம் போட்ட ஒரு படம் வரும், கூடவே மெல்லிய ஒரு ஒலி. பல முறை இரண்டையும் சேர்த்தே காட்டிவிட்டு, பிறகு சில முறை படத்தை மட்டும் காட்டினார்கள். எந்த நோயும் இல்லாதவர்களில்கூடப் பலர், வராத ஒலியைக் கேட்டதாகச் சொன்னார்கள்.

அந்தச் சோதனைக்கு நான்கு வகை ஆட்களை அழைத்திருந்தார்கள். மனநோயும் உண்டு, குரலும் கேட்கும் என்பவர்கள் ஒரு வகை. மனநோய் உண்டு, குரல் கேட்காது என்பவர்கள் இன்னொரு வகை. தினமும் குரல் கேட்கிறது, ஆனால் நோய் என்று எதுவுமில்லை, குறி சொல்பவர்களாக ஊரோடு ஒன்றி வாழ்கிறவர்கள் மூன்றாவது. இரண்டும் இல்லாதவர்கள் நான்காவது. குரல் கேட்கும் இரண்டு வகையினரும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இல்லாத ஒலியை மற்றவர்களைவிட எளிதாகக் கேட்டார்கள். வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. 'இப்போது ஒலி வரவில்லை' என்று நிலைமை மாறும்போது, அதற்கேற்ப எண்ணத்தை மாற்றிக்கொள்வதில் மனநோய் உள்ளவர்களுக்குத் தடங்கல் இருந்தது. நோய் இல்லாதவர்கள் மாற்றிக்கொண்டார்கள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம். 36 வருஷம், பன்னிரண்டாயிரம் இரவுக்கு மேல், பத்து மணி அடித்ததும் கொக்கிச் சத்தமும் 'சரசு'வும். அம்மாவின் மூளைக்கு இதைவிடப் பலமான பயிற்சியை எந்த ஆய்வுக்கூடமும் கொடுக்க முடியாது. பத்து மணிக்கு அது கேட்காமல் போனால்தான் ஆச்சரியம். கேட்ட பிறகு அவர் என்ன செய்கிறார்? எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கிறார். யாரும் இல்லை. இல்லை என்று ஏற்றுக்கொண்டு, தண்ணீரை வைத்துவிட்டு, வந்து தூங்கிவிடுகிறார். 'ஒளிந்திருக்கிறார், எனக்குத் தெரியும்' என்று தெருவில் தேடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அவரைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று சண்டைக்குப் போகவில்லை. என்னைப் போன்றவர்கள் நோயைக் கணிக்கும்போது குரல் கேட்டதா என்பதைவிட, கேட்ட பிறகு அந்த மனிதர் என்ன செய்தார் என்பதைத்தான் உற்றுப் பார்ப்போம். நீங்கள் எழுதிய பக்கத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி கதவைத் திறந்து பார்க்கிறாள் என்பதுதான்.

இனி தம்பி அனுப்பிய ஹெல்மெட். அந்தக் கதை இணையத்தில் பல வருஷமாகச் சுற்றுகிறது, பாதிதான் சுற்றுகிறது. கனடாவில் சட்பரி நகரத்து லாரன்ஷியன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பெர்சிங்கர் என்பவர் இருந்தார், 2018இல் காலமானார். ஹெல்மெட் ஒன்றில் கம்பிச்சுருள்களைப் பொருத்தி, பொட்டுப் பக்கம் மிக மெல்லிய காந்தப்புலம் பாயும்படி செய்தார். ஆளை அமைதியான அறையில் கண்ணைக் கட்டி உட்கார வைப்பார். பத்தில் எட்டுப் பேருக்குப் பக்கத்தில் யாரோ இருப்பது போன்ற உணர்வு வந்தது என்றார். பத்திரிகைகள் அதற்குக் 'கடவுள் ஹெல்மெட்' என்று பெயர் வைத்து ஓட்டிவிட்டன.

வீடியோவில் வராத மீதிப் பாதி ஸ்வீடனில் நடந்தது. உப்சாலா பல்கலைக்கழகத்தில் பெர் கிரான்க்விஸ்ட் என்பவர் தலைமையில் ஒரு குழு அதே மாதிரிக் கருவியை வைத்து 89 மாணவர்களிடம் சோதனையைத் திரும்பச் செய்தது. இந்த முறை யாருக்குக் காந்தப்புலம் ஓடுகிறது, யாருக்கு வெறும் ஹெல்மெட் என்பது உட்கார்ந்தவருக்கும் தெரியாது, நடத்தியவருக்கும் தெரியாது. 2005இல் முடிவு வெளியானது. காந்தம் ஓடியவர்களுக்கும் ஓடாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டு பக்கமும் சிலருக்கு அனுபவம் வந்தது. யாருக்கு வந்தது என்று பார்த்தால், சொன்னதைச் சட்டென்று உள்வாங்கிக்கொள்ளும் சுபாவம் உள்ளவர்களுக்கு. எங்கள் முறையைச் சரியாகக் கையாளவில்லை என்று பெர்சிங்கர் கடைசிவரை வாதாடினார். ஆனால் இருட்டு அறை, கண்கட்டு, 'ஏதோ நடக்கப் போகிறது' என்ற எதிர்பார்ப்பு, இவையே போதும் என்பதுதான் என் கட்சி. சாமியை மூளைக்குள் பிடித்துக் காட்ட வந்த கருவி, எதிர்பார்ப்புக்கு எவ்வளவு பலம் என்று காட்டிவிட்டுப் போனது. இதைத் தம்பிக்கு அப்படியே அனுப்புங்கள்.

இன்னொன்றும் அவருக்குச் சொல்லுங்கள். குரல் மூளையில் உருவாகிறது என்று சொல்வது ஒன்று, ஆகவே அதற்கு அர்த்தமில்லை என்று சொல்வது வேறொன்று. அப்பா உயிரோடு இருந்தபோது கூப்பிட்ட குரலையும் அம்மா மூளையால்தான் கேட்டார்.

'நிஜமாகவே அப்பாதானா?' என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர்கள் பொதுவாக இந்தக் கேள்வியை நைசாகத் தாண்டிப் போய்விடுவோம். எனக்குத் தனிப்பட்ட முறையில் ஆவியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் உங்கள் அம்மாவுக்குச் சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்த விவாதத்தில் யாரும் ஜெயிக்கத் தேவையில்லை. அவரிடம் 'அப்பா இல்லம்மா, உன் மூளை செய்யும் வேலை' என்று வகுப்பெடுக்கவும் வேண்டாம், 'ஆமாம்மா, எனக்கும் கேட்டது' என்று பொய் சொல்லவும் வேண்டாம். 'என்னம்மா சொன்னாங்க அப்பா?' என்று கேளுங்கள். நான் கேட்கச் சொல்வது வெறும் அன்புக்காக இல்லை. குரல் என்ன சொல்கிறது என்பது மருத்துவ ரீதியாக முக்கியமான தகவல்.

எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம்மூர் உதாரணமே இருக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் தான்யா லூர்மன், சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்து டாக்டர் ஆர். பத்மாவதி உள்ளிட்டவர்களோடு சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார். ஸ்கார்ஃப் என்பது டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய, ஸ்கிசோஃப்ரீனியா என்ற தீவிர மனநோய்க்கான ஆராய்ச்சி மையம். கலிஃபோர்னியாவில் சான் மேட்டியோ, கானா நாட்டில் அக்ரா, இங்கே சென்னை என்று மூன்று ஊர். ஊருக்கு 20 பேர். எல்லாருமே தீவிர மனநோயோடு குரல் கேட்பவர்கள், அதாவது உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் இல்லை. அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் முகம் தெரியாத குரல்கள், வெட்டு, குத்து என்ற பேச்சு. அக்ராவில் பலருக்குக் கேட்டது கடவுளின் குரல். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சொந்தக்காரர்களின் குரல். குளி, சமை, சாப்பிடு, வீட்டைப் பெருக்கு என்று பெரியவர்கள் சின்னவர்களை அதட்டுவது போல. திட்டும் குரல்களும் கேவலமான குரல்களும் சென்னையிலும் இருந்தன, எல்லாம் பூவும் பழமும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனாலும் உறவுக்குள்ளேயே வாழ்ந்த மனிதருக்கு நோய்கூட உறவுக்காரர் குரலில்தான் பேசுகிறது.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கையும் எடுத்துக்கொள்ள வேண்டும். தெரிந்தவர் குரல், கனிவான குரல் என்பதாலேயே நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சென்னையில் அப்படிக் கேட்டவர்கள் நோயாளிகள்தான். அதனால்தான் ஒரு முறை காட்டச் சொல்கிறேன்.

அத்தை விஷயம். அவர் பேச்சில் இருக்கும் துக்கத்தை முதலில் பாருங்கள், போனது அவருக்குக் கூடப்பிறந்த அண்ணன். மந்திரிப்பது, கயிறு கட்டுவது, விபூதி போடுவது என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். கோயிலுக்கும் மனநோய்க்கும் உள்ள உறவை எங்கள் துறையே கேலி பேசாமல் ஆராய்ந்திருக்கிறது. பெங்களூரில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் சகாக்களும் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரைக் கவனித்து, 2002இல் எழுதினார்கள். பெரும்பாலோர் தீவிர மனநோயாளிகள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். கூட வீட்டு ஆள் ஒருவர். காலையில் பூசை, பிறகு கோயிலில் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகள். விசேஷ மந்திரமோ சடங்கோ கிடையாது. போகும்போது அளந்து பார்த்தால் நோயின் கடுமை கிட்டத்தட்ட 20% குறைந்திருந்தது. கோயிலுக்குப் போகாத இன்னொரு குழுவை ஒப்பிட்டுப் பார்க்காததால், எவ்வளவு கோயிலால், எவ்வளவு தானாக என்று பிரிக்க முடியாது. எனக்கென்னவோ, சங்கிலி இல்லாத ஓர் இடம், கூடவே இருக்கும் ஓர் ஆள், செய்வதற்கு ஒரு வேலை, இந்த மூன்றும்தான் அங்கே மருந்தாக இருந்தன என்று படுகிறது.

மறுபக்கம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. ஆகவே அத்தையிடம் எல்லைக்கோட்டைத் தெளிவாகப் போட்டுவிடுங்கள். திருநீறு வரைக்கும் சரி. மிளகாய்ப் புகை, வேப்பிலை அடி, பட்டினி, முடியைப் பிடித்து ஆட்டுவது, ராத்திரி தங்க வைப்பது, இதில் எது வந்தாலும் அந்த இடத்திலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். 'அண்ணன் பேயாக அலைகிறான்' என்ற பேச்சையும் அம்மா காதுபட வேண்டாம் என்று சொல்லுங்கள். இதுவரை பயமில்லாமல் இருக்கும் குரலை அந்தப் பேச்சே பயமுறுத்தும் குரலாக மாற்றிவிடும்.

படத்தை எடுப்பது, பெங்களூருக்குக் கூட்டிப்போவது. போனவரோடு உள்ள பந்தத்தை மனம் மெல்ல அறுத்துக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்று 1917இல், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃப்ராய்டு எழுதினார். எங்கள் துறை வெகுகாலம் அதை வேதவாக்காக வைத்திருந்தது. மூன்றே வருஷத்தில், 1920இல், அவர் மகள் சோஃபி காய்ச்சலில் போனாள். 1929இல் நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, நிரப்பாமல் இருப்பதே சரி என்ற பொருளில் எழுதுகிறார் அதே ஃப்ராய்டு. 1990களில் டென்னிஸ் கிளாஸ் போன்றவர்கள் வந்து, பந்தம் அறுவதில்லை, உருமாறித் தொடர்கிறது என்று கோட்பாடாகவே சொன்னார்கள். அமாவாசைக்கு அமாவாசை தர்ப்பணம் கொடுப்பவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. படம் அங்கேயே இருக்கட்டும். அம்மாவுக்குப் பேரன் பேத்தியோடு பெங்களூரில் பத்து நாள் இருக்க ஆசை என்றால் போய்வரட்டும். வைத்தியமாக அனுப்பாதீர்கள். இந்த வயதில் ஒரே வருஷத்தில் கணவனையும் போக்கி, வீட்டையும் தெருவையும் கோயிலையும் போக்கினால் நல்ல மனிதருக்கே நோய் வரும்.

இனி ஆஸ்பத்திரி. முதலில் காதைப் பாருங்கள், மனநல டாக்டரிடம் அப்புறம் போகலாம். காது மந்தமானால் மூளை அந்த இடத்தைத் தானாக நிரப்பப் பார்க்கும். வயதானவர்களுக்குக் குரலும் பாட்டும் கேட்பதற்கு அது ஒரு சாதாரணக் காரணம். ஈ.என்.டி. டாக்டரிடம் அழுக்கு அடைப்பையும் பார்த்து, காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வழக்கமான டாக்டரிடம் சர்க்கரை, தைராய்டு, பி12, சோடியம் ஆகியவற்றுக்கு ரத்தம் கொடுங்கள். பிரஷருக்குத் தரும் சில மாத்திரைகள் சோடியத்தைக் குறைக்கும், குறைந்தால் புத்தி தடுமாறும். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், தூக்கத்துக்கென்று யாராவது கொடுத்ததிருந்தால் அதையும், பையில் போட்டுக் கொண்டு போங்கள். குரல் வருவது கண் அசரும் நேரத்திலா, முழுதாக விழித்திருக்கும்போதா என்றும் கவனித்து வையுங்கள். தூக்கத்துக்குள் நுழையும் அந்த இடைவேளையில் யாருக்கும் குரல் கேட்கும்.

தம்பி கண்டுபிடித்த மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். லூயி பாடி டிமென்ஷியா என்று ஒரு மறதி நோய் உண்டு. அதில் தெள்ளத் தெளிவாக ஆட்களும் பிராணிகளும் தெரியும், நடை தளரும், ஒரு நாள் தெளிவு ஒரு நாள் குழப்பம் என்றிருக்கும், கனவில் கத்திக் கையைக் காலை வீசுவார்கள். உங்கள் அம்மாவிடம் இந்த அடையாளங்கள் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஆனால் அது தொடங்கியிருப்பது தெரியாமல் சைக்கோசிஸுக்குத் தரும் ஹாலோபெரிடால் மாதிரி மாத்திரையைக் கொடுத்தால் உடம்பு விறைத்து உயிருக்கே ஆபத்தாகும். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகளால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, புதிய மருந்துகளுக்கு 2005இலும் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கு 2008இலும் கடுமையான எச்சரிக்கை போட்டது.

எப்போது உடனே ஓடி வர வேண்டும்? 'நீயும் வந்துவிடு' என்று குரல் கூப்பிட்டால். அம்மா நகையைப் பிரித்துக் கொடுப்பது, கணக்கு வழக்கை முடிப்பது என்று ஆரம்பித்தால். சாப்பாடு குறைந்து உடம்பு வற்றினால், இரவெல்லாம் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தால், அப்பா குரலோடு வேறு குரல்களும் சேர்ந்து வசைபாடினால், வீட்டார் மேலேயே சந்தேகம் வந்தால், தேதியும் இடமும் குழம்பினால். 'அப்பாகிட்டேயே போயிரணும்னு தோணுதாம்மா?' என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்று பதில் வந்தால் அன்றே வாருங்கள், இரவானால் 14416க்குக் கூப்பிடுங்கள். அது மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

ஏழு மாதமாகிறதே, இன்னுமா என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். நீடித்த துக்கம் என்பதையே இப்போது ஒரு நோயாகச் சேர்த்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆறு மாதம், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டின் கணக்கில் ஒரு வருஷம் கழிந்திருக்க வேண்டும். ஆனால் மாதக் கணக்கு மட்டும் போதாது. ஏக்கம் ஆளை முடக்கிப்போட்டு, அடுப்பு மூட்ட முடியாமல், யாரோடும் ஒட்ட முடியாமல் ஆக்கியிருக்க வேண்டும். உங்கள் அம்மா சமைக்கிறார், கோயிலுக்குப் போகிறார், சீரியலை விடவில்லை.

உங்களுக்கும் வருமா என்று கேட்டீர்கள். இது குலத்தில் இறங்கும் வியாதி மாதிரி எனக்குத் தெரியவில்லை. மகளிடம் மறைக்க ஒன்றுமில்லை. 'ஆச்சிக்குத் தாத்தா ஞாபகம் ரொம்ப இருக்கு, அதனால கூப்பிடுற மாதிரி கேக்குது, ஆனா தாத்தா திரும்பி வர மாட்டாங்க' என்று ஒரே சீராகச் சொல்லுங்கள். ஆளுக்கொரு கதை சொன்னால்தான் குழந்தை பயப்படும். சேட்டை பண்ணினால் தாத்தா வந்து பிடிச்சிட்டுப் போயிருவாங்க என்று விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்ல வேண்டாம்.

தம்பி அடுத்த முறை ஊருக்கு வரும்போது டாக்டரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் போனது அப்பாதான். இணையத்தில் மாத்திரை தேடும் பிள்ளைகளில் பலர் தங்கள் துக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல்தான் தேடுகிறார்கள். ஆடியோகிராமும் ரத்தப் பரிசோதனையும் கையில் இருந்தால் முதல் சந்திப்பிலேயே பாதி விஷயம் தெளிவாகிவிடும்.